ஒவ்வாமைப் பரிசோதனை யாருக்கு?
பால், முட்டை, கத்தரிக்காய், கருவாடு என்று வரிசையாக எல்லாவற்றையும் தட்டிலிருந்து விலக்கிவிட்ட குழந்தைகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. கேட்டால், "அலர்ஜி டெஸ்டில் வந்ததுங்க" என்கிறார்கள்.

அந்த ரத்தப் பரிசோதனை சொல்வது ஒன்றைத்தான்: குறிப்பிட்ட பொருளுக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் உடம்பில் இருக்கிறதா என்று. அது இருந்தும் அதே உணவைச் சாப்பிட்டு நலமாக இருப்பவர்கள் ஏராளம். ஆகவே நடந்த கதைதான் முதலில் வேண்டும். இறால் சாப்பிட்ட அரை மணிக்குள் உதடு வீங்கியதா, மூச்சு இரைத்ததா? அவசியம் சோதிக்க வேண்டும். குளவி கொட்டி மயங்கி விழுந்தவருக்கும் அப்படியே. ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போகும் தோல் தடிப்புக்கு உணவு காரணமாக இருப்பது அபூர்வம். அங்கே நூறு பொருளுக்குச் சோதிப்பது வீண் செலவு. ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளை அளந்து தரும் உணவுப் பட்டியலை நம்பவே வேண்டாம்.

தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனையில் 15 முதல் 20 நிமிடத்தில் விடை தெரியும். செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். சோதனைக்கூடத்துக்குப் போகும் முன், என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்று ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள்.