கிரீன் டீயும் கிரீன் டீ மாத்திரையும்

வாக்கிங்கில் பலரும் கேட்பது இதுதான்: கிரீன் டீ குடித்தால் எடை குறையுமா? தேயிலையிலுள்ள கேட்டச்சின் என்னும் பாலிஃபீனால், கொழுப்பு எரிவதைச் சற்றுத் தூண்டக்கூடும். ஆனால் 2012-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எடைக்குறைவு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. சர்க்கரை போட்ட டீக்குப் பதிலாகக் குடித்தால் அந்தச் சர்க்கரையாவது மிச்சம்!

என் கவலை ஆன்லைனில் வாங்கும் மாத்திரைகள்தான். இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டச்சினை மாத்திரையாக நாளுக்கு 800 மி.கி. அல்லது அதற்கு மேல் எடுத்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. வெறும் வயிற்றில் எடுத்தால் ரத்தத்தில் இன்னும் அதிகம் ஏறும். விரதம் இருப்பவர்கள் கவனிக்கவும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் அடர்நிறமானாலோ உடனே நிறுத்திவிட்டு, மாத்திரை டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.