டர்போ வண்டியும் காலைச் சூடும்



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுதலே வழக்கம். நாமோ மோட்டார் வண்டியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். ஒவ்வாத பொருள் எனச் சிலர் எண்ணலாம். ஆயினும், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் செல்லும் நம் குடும்பங்கள் பலவும் இன்று சொந்தக் காரிலேயே செல்கின்றன. அக்கார்களுள் டர்போ பொருத்தியவை நாளுக்கு நாள் பெருகுகின்றன. வீட்டுக்கு அடுத்தபடியாக நாம் பெரும்பொருள் கொடுத்துத் தவணையில் வாங்குவதும் அதுவே.

காலையில் எந்திரத்தைக் கிளப்பியபின் எவ்வளவு நேரம் நிறுத்திச் சூடேற்றுவது? பத்து நிமிடம் என்பார் தந்தை. ஒரு நொடியும் வேண்டா என்பான் மைந்தன். இவ்வழக்கு நம் காலனியில் பல வீடுகளில் நடப்பதே.

தந்தையின் பழக்கம் காரணமின்றி வந்ததன்று. அம்பாசிடரும் பியட்டும் ஓடிய காலத்தில் கார்புரேட்டரே பெட்ரோலைக் காற்றோடு கலந்தது. குளிர்ந்த எந்திரத்தில் பெட்ரோல் சரிவர ஆவியாகாது. ஆதலின் சோக்கை இழுத்து, எந்திரம் உறுமி ஓயும்வரை காத்திருந்தனர். இல்லையேல் தெருமுனையில் வண்டி நின்றுவிடும். இன்று கணிப்பொறியே வெப்பத்தை அறிந்து எரிபொருளை அளந்து செலுத்துகின்றது. காரணம் போயிற்று, பழக்கம் நின்றது.

ஆனால் மைந்தன் முற்றிலும் வென்றுவிடவில்லை. அதற்கு டர்போ என்பது யாதெனக் காண வேண்டும். எந்திரத்திலிருந்து வீணாக வெளியேறும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரத்தால் காற்றை அழுத்தி எந்திரத்துள் செலுத்துவதே டர்போ. சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கப்பலிலும் விமானத்திலும் புகுந்து, 1962-இல் அமெரிக்காவில் பயணிகள் காருக்கு வந்தது. அதே 1962-இல் நம் நாட்டில் வந்திறங்கிய டபிள்யூ.டி.எம்-2 டீசல் ரயில் எஞ்சினிலும் டர்போ உண்டு. புறப்படுகையில் அது கக்கிய கரும்புகையை ரயில்வேக் குடும்பத்தினர் மறந்திருக்க மாட்டார்கள்.

காரிலுள்ள டர்போவின் தண்டு நம் சுண்டு விரலினும் மெலிது. அது நிமிடத்துக்கு 1,50,000 சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. ஒரு பக்கம் மோதும் புகையோ, பெட்ரோல் எந்திரத்தில் 900 பாகை வெப்பத்தையும் எட்டும். அத்தண்டு தாங்கியைத் தொட்டுச் சுழல்வதில்லை. காகிதத்தினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்து சுழல்கின்றது. அப்படலமே அதன் உயிர்.

இனி எண்ணெயின் இயல்பைக் காண்போம். 5டபிள்யூ-30 என்னும் வகை எண்ணெய் 40 பாகையில் கொண்டிருக்கும் பாகுத்தன்மை, 100 பாகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்து இளகும். ஆலுவாவின் காலை வேளை 25 பாகையளவே. அப்போது அது இன்னும் கெட்டி. கெட்டியான எண்ணெய் நுண்ணிய இடைவெளிகளில் தாராளமாகப் பாயாது. அந்நிலையில் மிதியை அழுத்தி டர்போவை உச்ச வேகத்துக்கு விரட்டுவது நன்றன்று. நாதசுரக்காரர் சீவாளியை நனைத்து, மெல்ல ஊதிப் பதம் பார்த்த பின்னரன்றோ கீர்த்தனையைத் தொடங்குகின்றார்!

அங்ஙனமாயின் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தாலென்ன எனில், நின்றபடி ஓடும் எந்திரம் வேலையின்றி ஓடுவதால் வெப்பமும் சிறிதே உண்டாகும். டீசல் எந்திரம் அவ்வாறு சூடேறவே நெடுநேரமாகும். குளிர்நிலையில் மிகுதியாகச் செலுத்தப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமல் உருளைச் சுவரை நனைத்து எண்ணெயோடு கலந்து அதை நீர்த்துப் போகச் செய்யும். இதனினும் கொடியது ஒன்றுண்டு. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி ஏறத்தாழ 300 பாகை சூடேறிய பின்பே தன் வேலையைச் செய்யும். அதற்குமுன் வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. மூடிய கார் கொட்டிலில் வண்டியை ஓடவிட்டு, பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகளைப் பின்னிருக்கையில் அமர்த்திவிட்டுச் சாவி தேடி உள்ளே செல்லும் வழக்கத்தைத் தாய்மார்கள் இன்றே தடுத்தருள வேண்டும்.

ஆகவே, கிளப்பியபின் அரை நிமிடம் போதும். இருக்கைப் பட்டையை மாட்டுவதற்குள் எண்ணெய் டர்போவை அடைந்துவிடும். பின்னர் ஓட்டியே சூடேற்றுக. பெட்ரோல் வண்டியாயின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுக்கும், டீசலாயின் 2,000-க்கும் மிகாமல் பார்த்துக்கொள்க. உயர்ந்த கியரில் முனக விடுவதும் தகாது. நம் ஊரில் இடர் யாதெனில், வாயிற்படி தாண்டினால் நெடுஞ்சாலை! புளிஞ்சோட்டில் ஏறி, மார்த்தாண்ட வர்மா பாலம் கடந்ததும் கால் தானே அழுந்துகின்றது. அங்கமாலிப் பக்கம் செல்வோர் தேசம் கடந்து அத்தாணி வரையிலேனும் பொறுமை காக்க. நீல விளக்கு அணைந்துவிட்டதே என்பீர்கள். அது நீரின் வெப்பத்தைக் காட்டுவது. எண்ணெய் சூடேறுவது அதற்கும் பின்னரே.

மூணாறு செல்வோருக்குத் தனியே சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டங்களில் உறவினரை உடையோர் நம்மிடையே உளர். போடிமெட்டு வழியாகத் தேனி செல்வோரும் உளர். சனவரியில் அங்குப் புல்மேல் உறைபனி படியும் காலைகள் உண்டு. உறவினர் வீட்டு வாயிலிலிருந்தே ஏற்றம் தொடங்குமாயின் ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்தி, பின்னர் மெல்ல ஏறுக. போகும் வழியில் நேர்வதோ இதற்கு மறுதலை. 1935-இல் கட்டிய நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் மலையேற்றம். குடும்பத்தையும் மூட்டைகளையும் சுமந்து டர்போ கனன்று உழைக்கின்றது. சீயப்பாறை அருவியைக் கண்டதும் பிள்ளைகள் கூவ, வண்டியை நிறுத்தி உடனே சாவியைத் திருப்புகின்றோம். எண்ணெய் ஓட்டம் அக்கணமே நிற்கின்றது. கனன்ற உறையின் வெப்பமோ தாங்கிக்குள் பரவி, அங்குத் தேங்கிய எண்ணெயைக் கருக்கிக் கரியாக்குகின்றது. பன்முறை நிகழ்ந்தால் அக்கரி எண்ணெய் வழியை அடைக்கும். இக்காலத்து டர்போக்கள் பலவற்றில் நீரால் குளிர்விக்கும் அமைப்பு உண்டு. ஆயினும் ஏற்றத்துக்குப் பின்னோ நெடுஞ்சாலை விரைவுக்குப் பின்னோ ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துக. சந்தைக்குச் சென்று மீள்வோர்க்கு இது வேண்டுவதில்லை.

சந்தை என்றதும் மற்றொன்று. ஒரு கிலோமீட்டர்ப் பள்ளிக்குக் காரில் சென்று திரும்பினால் எண்ணெய் சூடேறுவதே இல்லை; நீரும் எரிபொருளும் அதிலேயே தங்கும். அத்தகைய வண்டிக்கு, கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கெனக் குறித்த காலத்திலேயே, அதில் கண்ட வகை எண்ணெயையே மாற்றுக. மலிவென்று வேறு எண்ணெயை ஊற்றிவிட்டு டர்போவை மாற்ற நேர்ந்தால், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணமே கரையும். அவ்வொரு கிலோமீட்டரை நடந்தே சென்றால் என்ன என்று தந்தையார் சிலர் கேட்கக்கூடும். அதற்கு மைந்தர்களிடம் விடையில்லை.

இசை நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. ஐயம் உடையோர் வாயிலில் நம்மைக் காணலாம்.