பிறர் கையால் வரும் கடிதங்கள்



வங்கியிலிருந்தோ காப்புறுதி நிறுவனத்திலிருந்தோ உங்கள் இல்லத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. உறையின்மீது அந்நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. உள்ளே முகாமையாளரின் கையொப்பம் இருக்கிறது. ஆயினும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரேனும் அக்கடிதத்தைக் கண்ணாற் கண்டிராமல் இருக்கலாம். அதை அச்சிட்டது வேறோர் அச்சகம். மடித்து உறையிலிட்டது ஓர் இயந்திரம். இவ்வாறு, வணிக நிறுவனங்கள் தம் கடித வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கும் முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அச்சுவேலையை வெளியே கொடுப்பது புதிய வழக்கமன்று. 1857ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆந் திகதி வெளிவந்த இலங்கையின் முதலாவது அஞ்சல் முத்திரை, இலண்டனில் பேர்கின்ஸ் பேக்கன் என்னும் அச்சகத்தாரால் அச்சிடப்பட்டுக் கப்பலேறி வந்ததேயாகும். ஆனால் அன்று வெளியே சென்ற வேலை ஒரே அச்சின் பல படிகள். இன்று செல்வதோ ஒவ்வொருவருடைய பெயர், முகவரி, கடன், தவணை என்பன. தாள்தோறும் செய்தி வேறு.

வேலை நடைபெறும் விதத்தைச் சுருக்கமாகக் கூறுகிறேன். நிறுவனம் தன் வாடிக்கையாளரின் விவரங்களைக் கணினி வழியாக அச்சகத்துக்கு அனுப்புகிறது. அங்கே ஆயத்தமாயிருக்கும் படிவத்தில் அவ்விவரங்கள் தாமாகவே சென்று பொருந்துகின்றன. அச்சான தாளை இயந்திரம் மடித்து, முகவரி தெரியும் சாளரம் வைத்த உறைக்குள் இடுகிறது. பின்னர் அஞ்சற் குறியீட்டின்படி கட்டுக்கட்டாகப் பிரித்துத் தபாலிற் சேர்க்கிறார்கள். மட்டக்களப்பு நகருக்குரிய குறியீடு 30000 என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

அண்மைக்காலத்தில் இத்துறையில் இரண்டு போக்குகள் தெரிகின்றன. ஒன்று, தாளைத் தூரம் அனுப்பாது செய்தியை மட்டும் அனுப்பி, பெறுபவருக்கு அருகிலே அச்சிடுவது. இதற்கும் முன்னோடி உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1941ஆம் ஆண்டு முதல், போர்வீரரின் கடிதங்களைச் சிறு படச்சுருளிற் பதித்து அனுப்பி, சேருமிடத்தில் மீண்டும் தாளில் எடுத்துக் கொடுத்தார்கள். மற்றையது, தாளையே விட்டுவிட்டுக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்புவது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டின் நெருக்கடி இதனை விரைவுபடுத்தியது. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. ஓகஸ்ட் மாதத்தில் சாதாரண கடிதத்துக்குரிய குறைந்த கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. டென்மார்க்கிலே இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024இல் 11 கோடியாகக் குறைந்தன. 2025ஆம் ஆண்டின் இறுதியோடு அந்நாட்டு அஞ்சல் நிறுவனம் கடிதம் கொண்டுசெல்லும் பணியையே நிறுத்திவிட்டது.

இவையெல்லாம் செலவைக் குறைக்கும் வழிகள். அவற்றை நான் குறைகூற வரவில்லை. ஆனால் நமது வாவியின் இரு கரைகளையும் எண்ணிப் பாருங்கள். எழுவான்கரையிலே நெடுஞ்சாலையும் நகரங்களும் உள்ளன. படுவான்கரையிலே வயல்களும் சிதறிய சிற்றூர்களும் உள்ளன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பயணம் எளிதாயிற்று. எனினும் பாலத்தைக் கடந்த கடிதம் உரிய வாசலை அடைய, முகவரி சரியாக இருத்தல் வேண்டுமல்லவா?

சில காலத்துக்கு முன்பு, படுவான்கரையைச் சேர்ந்த முதிய தாயொருவர் ஒரு கடிதத்தைப் படித்துச் சொல்லும்படி பாடசாலைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அது, விதைப்புச் செலவுக்காக அவர் அடகு வைத்த சங்கிலி பற்றிய அறிவித்தல். மீட்பதற்குரிய இறுதி நாள் கழிந்து நான்கு நாட்களாகியிருந்தன. உறையைப் பார்த்தேன். முகவரிக்குரிய இடம் போதாமையால் ஊர்ப்பெயரின் பிற்பாதி அச்சிலே அறுந்து போயிருந்தது. கடிதம் வேறோர் ஊருக்குச் சென்று திரும்பியிருந்தது. அவருக்காக விசாரித்தேன். “உரிய நாளில் அச்சகத்துக்கு அனுப்பினோம்” என்றார்கள் கடன் கொடுத்தவர்கள். “உரிய நாளில் தபாலிற் சேர்த்தோம்” என்றார்கள் அச்சிட்டவர்கள். “முகவரி பிழை” என்றார்கள் தபால் ஊழியர்கள். மூவர் கூறியதும் உண்மையே. ஆயினும் அந்தத் தாயின் சங்கிலி ஏலத்திற் போய்விட்டது.

நேயர்களே, வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைக்க முடியாது. ஒரு வேலையைப் பல துண்டுகளாக்கினால், ஒவ்வொருவரும் தம் துண்டைச் செவ்வனே செய்தும் முழுவேலை கெட்டுப்போதல் கூடும். முழுமைக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யாருடைய பெயர் உறைமேல் இருக்கிறதோ அவரே. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், விவரங்களுக்கு உரிய பொறுப்பாளரையும் அவர் சார்பில் அவற்றைக் கையாள்பவரையும் வேறுவேறாகக் கண்டு, இருவருக்கும் கடமைகளை வகுத்திருக்கிறது.

நிறுவனங்களிடம் நாம் கேட்க வேண்டியவை சிலவே. இழப்புக்கு இடமான அறிவித்தல்கள் இறுதி நாளுக்குப் போதிய காலம் முன்னதாக வருதல் வேண்டும். பெறுபவர் வாசிக்கும் மொழியில் அமைதல் வேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. படிவத்தைத் தமிழில் ஒருமுறை ஆயத்தம் செய்தால் இயந்திரம் ஆயிரம் முறை அச்சிடும். திரும்பிவரும் கடிதங்களை ஒரு மூலையிற் குவிக்காது, முகவரியை விசாரித்துத் திருத்துதல் வேண்டும். தாளா, தொலைபேசியா என்பதைத் தெரிவு செய்யும் உரிமை வாடிக்கையாளரிடம் இருத்தல் வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. ஊர்ப்பெயர், உபதபாற்கந்தோர், அஞ்சற் குறியீடு ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கொடுப்போம். வரும் உறையில் பிழை கண்டால் அன்றே அறிவிப்போம். மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்துக்கும் அயலுக்கும் வரும் கடிதங்களைப் பெரியோருக்குப் படித்துக் காட்டுங்கள். அதில் உள்ள திகதியை முதலிற் பாருங்கள். அந்தத் தாய்க்குத் தேவையாயிருந்தது அந்த ஒரு திகதிதான்.