கேட்டில் நிற்பவருக்கு யார் பாடம் எடுத்தார்கள்?

(மதுரையில் மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று போட்டிருக்கிறீர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் ஆய்வு செய்கிறேன். ஆனால் இன்று பேசப்போகிற விஷயம் எனக்கு நூலகத்தில் கிடைத்தது இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் கிடைத்தது.

என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு மதுரையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை. ரிலீவர் வராவிட்டால் அன்று பகலும் அவர்தான். அவர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு நேர் மேலே சிவப்பு நிறத்தில் ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்கும். ஆறு வருடம் அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தார். ஒரு கார்த்திகை தீபத்தன்று இரண்டாவது மாடி பால்கனியில் விளக்கு சாய்ந்து, காயப்போட்டிருந்த துணி பற்றிக்கொண்டது. அப்பா கீழிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடி அணைத்தார். கையில் கொப்புளம். மறுநாள் அசோசியேஷன் செயலாளர் கூப்பிட்டு, "தலைக்கு மேலேயே சிலிண்டர் இருக்குல்ல, அதை எடுக்கணும்னு தெரியாதாய்யா உனக்கு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது: "அதுல ஒரு ஊசி இருக்காம்டா. அதை இழுக்கணுமாம். நான் பூட்டுன்னு நெனச்சுட்டு இருந்தேன்."

அந்த வீடுகளில் அவருக்குத் தேநீர் கொடுக்கத் தனி டம்ளர் இருந்தது. அது கேட் தூணின் மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்த டம்ளரை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதை மட்டும் முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று 2005-இல் வந்தது. அதன் 10-ஆவது பிரிவு, குறித்த பயிற்சியை முடிக்காத ஒருவரை ஏஜென்சிகள் காவலாளியாக வைக்கக் கூடாது என்கிறது. எவ்வளவு பயிற்சி என்பதை 2006-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகள் சொல்கின்றன. வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம். இதைக் குறைந்தது 20 வேலை நாள்களில் நடத்த வேண்டும். முன்னாள் ராணுவத்தினருக்கும் போலீசாருக்கும் சலுகை உண்டு: 40 மணி, 16 மணி, ஏழு நாள். உடல் தகுதியும் உண்டு. ஆண் என்றால் 160 செ.மீ. உயரம், ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓட வேண்டும். மதுரை பைபாஸ் ரோட்டில் ஏ.டி.எம். வாசல்களில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், அவர்களில் ஒருவர் என் பெரியப்பா.

எனக்கே அந்தச் சான்றிதழ் இருக்கிறது. 2015-இல் எம்.ஏ. தேர்வு முடிந்து கோடை விடுமுறையில் ஒரு ஜவுளிக் கடையில் செக்யூரிட்டியாக நின்றேன். கல்லூரிக் கட்டணத்துக்குப் பட்ட கடன் ஒன்று பாக்கி இருந்தது. ஏஜென்சி அலுவலகத்தில் எனக்கு நடந்த பயிற்சி அரை நாள். சல்யூட் அடிப்பது, ஷூவுக்குப் பாலிஷ் போடுவது, முதலாளியின் கார் எண்ணை மனப்பாடம் செய்வது. அதோடு முடிந்தது. ஆனால் கையில் கொடுத்த தாளில் ஏப்ரல் 6 முதல் 28 வரை 20 நாள் பயிற்சி பெற்றதாக அச்சடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். ஏப்ரல் 14-ஐயும் சேர்த்தால்தான் 20 வருகிறது. அன்று காலை நான் அவுட்போஸ்ட் அம்பேத்கர் சிலைக்கு மாலை போட நின்றுகொண்டிருந்தேன். மற்ற நாள்களில் ஐந்து நாள் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன்.

"இது தொழிலாளர் பிரச்சினை, சாதி ஒழிப்பு மேடையில் ஏன்?" என்று ஒரு தோழர் போனில் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல மதுரையின் பழைய கதைக்குக் கொஞ்சம் போக வேண்டும்.

இந்தச் சீமையில் காவல் என்பது வேலையாக இருந்ததில்லை, பிறப்புரிமையாக இருந்தது. ஊர்க்காவல் இன்ன சாதிக்கு, அதற்கு ஈடாகக் களத்தில் இவ்வளவு நெல் என்று பங்கு இருந்தது. களவு போன மாட்டை மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி என்று தனிக் கணக்கு. 1896-இல் திண்டுக்கல் பக்கம் அம்மையப்பக் கோன் தலைமையில் ஊர்கள் கூடிக் கள்ளர் காவலை வேண்டாம் என்றன. களவு போனால் ஈடு கொடுக்கப் பொதுவில் பணம் திரட்டினார்கள். 'பண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லே அந்தக் கலகத்துக்குப் பெயரானது. பிறகு வெள்ளைக்கார அரசு 1911-ஆம் ஆண்டு குற்றப் பழங்குடிச் சட்டத்தைக் கொண்டுவந்து, நேற்றுவரை காவல்காரராக இருந்த பிறமலைக் கள்ளரைப் பிறவிக் குற்றவாளி என்று பட்டியலில் எழுதியது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுக் கொன்றது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

இன்று சிலர் அந்தக் காவல் உரிமையை மட்டும் எடுத்து 'ஆண்ட பரம்பரை' பிளக்ஸ் அடிக்கிறார்கள். பிறப்பிலேயே காவல்காரன் என்பதும் பிறப்பிலேயே திருடன் என்பதும் ஒரே ஓலையின் இரண்டு பக்கம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழிக்க முடியாது. இதை உசிலம்பட்டியிலேயே ஒரு கூட்டத்தில் சொன்னேன்; சண்டைக்கு வந்தவர்களும் உண்டு, இரண்டு பேர் கூட்டம் முடிந்து தனியாக வந்து கை கொடுத்தார்கள்.

இதே காவலில் கீழ்த்தட்டும் ஒன்று உண்டு. என் தாத்தா மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பயிருக்கும் மடைக்கும் இரவுக் காவல் இருந்தவர். அதற்குப் பெயர் உரிமை இல்லை, கடமை. கூலி, களத்தில் கடைசியாகக் கூட்டி அள்ளும் நெல். மராட்டியத்தில் மகர்களுக்கு இதே நிலை. ஊர்க்காவல், செய்தி கொண்டு போவது, அதிகாரிகளுக்கு ஏவல் எல்லாவற்றையும் 'வதன்' என்ற பெயரில் பரம்பரைக் கடமையாக வைத்திருந்தார்கள். 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அம்பேத்கர் 1874-ஆம் ஆண்டுப் பரம்பரைப் பதவிகள் சட்டத்தைத் திருத்த மசோதா கொண்டுவந்தார், மகர்களை இந்தக் கட்டிலிருந்து விடுவிக்க. சொந்த ஆட்களே சிலர் துண்டு நிலம் போய்விடும் என்று பயந்தார்கள். அவர் விடவில்லை. ஆனால் 1958-இல் பம்பாய் மாநிலம் இந்தக் கீழ்நிலை வதன்களைச் சட்டம் போட்டு ஒழித்தபோது அவர் உயிரோடு இல்லை.

அதே அம்பேத்கரின் அப்பா ராம்ஜி யார்? ராணுவத்தில் சுபேதார் மேஜர். மாவ் பாசறையில் ராணுவப் பள்ளித் தலைமையாசிரியர். ராணுவத்தில் சேர்ந்தால் படிப்பு என்று இருந்த காலம் அது. சிப்பாயின் பிள்ளைகளுக்கும் உண்டு. 1890-களில் 'போர்க்குணம் உள்ள சாதி' என்ற கதையைக் கட்டி மகர்களுக்கு அந்தக் கதவை அடைத்தார்கள். பாருங்கள், ஊரைக் காத்த மகர் தலைமுறை தலைமுறையாக ஊர்க்கோடியில் கிடந்தார். பயிற்சி பெற்றுப் பாசறையைக் காத்த மகரின் வீட்டில் புத்தகம் வந்தது. இரண்டு பேர் செய்ததும் காவல்தான்.

அதனால்தான் இந்த 160 மணி நேரத்தை நான் விட மறுக்கிறேன். யார் வேண்டுமானாலும் கற்றுக்கொண்டு செய்யலாம் என்று ஒரு தொழிலைப் பற்றிச் சட்டம் சொல்வது நம் ஊர் காவல் வரலாற்றில் பெரிய விஷயம். அந்தப் பயிற்சியைத் தாளில் மட்டும் நடத்தினால் அந்த இடம் காலியாக இருக்காது. பழைய ஆள் வந்து உட்கார்ந்துகொள்வான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஏஜென்சி அலுவலகத்தில் பீல்டு ஆபீசர் என்னிடம் படிப்பைக் கேட்கவில்லை. "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். அதையும் சொன்னேன். என்னோடு வந்த பையன் பத்தாவது பெயில். அவனுக்கு முன்வாசல், கண்ணாடிக் கதவு, வெள்ளைக் கையுறை. எனக்குப் பின்பக்கம், சரக்கு இறங்கும் இடமும் கழிவறைப் பக்கமும். ஆய்வுக்காகப் பிறகு பல காவலாளிகளிடம் பேசியபோது 'பாய்ண்ட்' எப்படிக் கிடைத்தது என்று கேட்பேன். "மீசையும் உடம்பும் பார்த்துக் கொடுத்தாங்க" என்பார்கள். கொஞ்சம் பழகிய பிறகு வேறு பதில் வரும்.

பாடத்திட்டத்தையும் ஒருமுறை படியுங்கள். மாதிரி விதிகளில் தீயணைப்பு இருக்கிறது, முதலுதவி இருக்கிறது, கூட்டத்தைச் சமாளிப்பது, அடையாள அட்டையைச் சரிபார்ப்பது, வெடிகுண்டை அடையாளம் காண்பது, காவல் நிலையத்தில் புகார் பதிவது எல்லாம் இருக்கிறது. உண்மையாக நடத்தினால் நல்ல படிப்பு. போலீஸ், ராணுவப் பதவிச் சின்னங்களை அடையாளம் காண்பதும் இருக்கிறது. தோளில் எத்தனை நட்சத்திரம் என்று தெரிய வேண்டுமாம், அதாவது யாரைப் பார்த்து எழுந்து நிற்க வேண்டும் என்று. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் என்ன கேட்கலாம் என்று இல்லை. குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இல்லை. அந்த நட்சத்திரம் போட்டவரே வந்து உன்னை இழுத்துப் போனால் உனக்கு என்ன உரிமை என்பதும் இல்லை.

இந்தக் கடைசி வரியைப் பேச்சு அழகுக்காகச் சொல்லவில்லை. இங்கிருந்து சிலைமான் தாண்டினால் திருப்புவனம், பக்கத்தில் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயில். அங்கே தற்காலிகக் காவலாளியாக இருந்தவர் அஜித்குமார். 2025 ஜூன் 27 அன்று கோயிலுக்கு வந்தவர்கள் காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, இன்னொருவரிடம் கொடுத்தார். காரில் இருந்த நகையைக் காணோம் என்று புகார். போலீஸ் தனிப்படை அவரைக் கொண்டுபோய் அடித்தது. மறுநாள் இறந்துபோனார். உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள். யார் உத்தரவில் தனிப்படை இதை விசாரித்தது என்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது. போலீஸ்காரர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.-க்குப் போனது.

பயிற்சி இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அது செத்தவர் மேல் பழி போடுவது. கொன்றது போலீஸ். நான் கேட்பது வேறு. சாவியை வாங்குவது என் வேலை இல்லை என்று சொல்லக்கூடிய காவலாளியை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? கேஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவது, நாயை நடத்திப் போவது, காய்கறி வாங்குவது, கார் கழுவுவது எல்லாம் அவர் தலையில்தான். ஆனால் ஏதாவது காணாமல் போனால் முதல் சந்தேகமும் அவர் மேல்தான். 1911-இன் பட்டியல் ஒழிந்துவிட்டது. அந்தக் கண் ஒழியவில்லை. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரைப் பார்க்க விட வேண்டும் என்கிறது அரசமைப்பின் 22-ஆவது கூறு. கைதுக் குறிப்பில் கையெழுத்து, குடும்பத்துக்குத் தகவல் என்று டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் வரிசையாகச் சொன்னது. பதவிச் சின்னத்துக்கு ஒதுக்கும் நேரத்தை எடுத்து இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், அது நமக்காக. காவலாளியின் வேலையில் பாதி, யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்வது. வாசலில் நிற்பவர் யார் என்பது மதுரைக்குப் புதுக் கேள்வி இல்லை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு கக்கன் முதலான தோழர்கள் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனபோது, நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு அவர்களை வரவேற்றார். அந்த நாளின் பெருமை யாருக்கு என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு, அது இன்னொரு கூட்டத்துக்கு. இன்று மால் வாசலில் நிற்பவர் லுங்கியைப் பார்த்து நிறுத்துகிறார், தூய்மைப் பணியாளரின் சீருடையைப் பார்த்து லிப்ட் வேண்டாம் என்கிறார். பல நேரம் நிறுத்துபவரும் நம் தெருக்காரர்தான். நிறுத்தச் சொன்னவர் உள்ளே ஏ.சி.யில் இருப்பார். பொது இடத்தில் சாதி பார்த்துத் தடுத்தால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அது குற்றம் என்று அந்தக் காவலாளிக்குத் தெரிந்தால், "எழுதிக் கொடுங்க சார், நிறுத்துறேன்" என்று ஒரு வார்த்தையாவது சொல்வார்.

ஆகவே என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்சியே பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் அடிக்கக் கூடாது. ஐ.டி.ஐ.க்களில், அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்பாக நடத்தலாம். அந்த 20 நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாத யாரும் வர மாட்டார்கள். சான்றிதழ் தொழிலாளி கையில் இருக்க வேண்டும், ஏஜென்சி பீரோவில் இல்லை. உங்கள் கல்லூரி கேட்டிலேயே தொடங்குங்கள். அங்கே நிற்பவரிடம் போய், "அண்ணே, உங்களுக்கு எத்தனை நாள் டிரெய்னிங்?" என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால், அரசுக் கல்லூரி என்றால், ஒப்பந்த ஏஜென்சியின் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்கலாம்.

அப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. போன வருடம் எங்கள் தெருச் சமுதாயக் கூடத்துக்குத் தீயணைப்புத் துறையினர் செயல்விளக்கம் காட்ட வந்தார்கள். யார் முன்னால் வருகிறீர்கள் என்று கேட்டதும் அவர்தான் எழுந்து போனார். ஊசியை இழுத்தார். வெள்ளைப் பொடி பீறிட்டதும் பயந்து ஒரு எட்டுப் பின்னால் வைத்தார், பிறகு தீ அணையும் வரை பிடித்துக்கொண்டே நின்றார்.

என் சான்றிதழையும் 2015 தேர்வு ஹால் டிக்கெட்டையும் பையில் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் பார்க்க நினைப்பவர்கள் பார்க்கலாம். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.