மண்டேலாவை மதிப்பிடும் அளவுகோல் எது?

(கட்சிக் கல்வி முகாமில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

நெல்சன் மண்டேலா 2013 டிசம்பர் 5 அன்று மறைந்தபோது, ஒரு காலத்தில் அவரைப் பயங்கரவாதி எனத் தூற்றிய அரசுகளே முன்வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தின. அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது 2008-இல்தான். அவர் குடியரசுத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி அப்போது 9 ஆண்டுகள் கடந்திருந்தன. அவர் மறைந்ததும் தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சி ஓர் உண்மையை வெளியிட்டது. 1962-இல் கைதானபோது அவர் அக்கட்சியின் உறுப்பினராக மட்டுமின்றி, மத்தியக் குழுவிலும் இருந்தார் என்பதே அது.

முதலாளித்துவ ஊடகங்கள் மண்டேலாவை மன்னிப்பின் உருவமாக மட்டும் காட்டுகின்றன. தென்னாப்பிரிக்க இளைஞர்களில் ஒரு பகுதியினர் அவரை விலைபோனவர் என்கின்றனர். இவ்விரண்டும் வரலாற்றை ஒரு தனிமனிதரின் குணநலனாகச் சுருக்குகின்றன. மார்க்சியவாதிகளின் அளவுகோல் வேறு. ஒரு தலைவர் எந்த வர்க்கப் பலாபலத்தில் நின்றார், அதனைத் தம் மக்களுக்குச் சாதகமாக எவ்வளவு மாற்றினார், எதனை விட்டுக்கொடுத்தார் என்பதே கேள்வி.

நிறவெறியை வீழ்த்தியவர்கள் யார்?

நிறவெறி ஆட்சி மனம் திருந்தி விலகவில்லை. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அமைதிவழிப் போராட்டத்தின் வாயில்கள் அடைக்கப்பட்ட பின்னரே, 1961 டிசம்பரில் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. 1973-இல் டர்பன் தொழிலாளர்களின் வேலைநிறுத்த அலை, 1976-இல் சொவேட்டோ மாணவர் எழுச்சி, 1985-இல் கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பின் உதயம் ஆகியவை ஆட்சியின் அடித்தளத்தை அசைத்தன. அங்கோலாவின் குயிட்டோ குவனவாலே போர்க்களத்தில் கியூபப் படையினர் சிந்திய குருதியும் இக்கணக்கில் சேரும். 1946-இலேயே வணிக உறவைத் துண்டித்த இந்தியா உள்ளிட்ட நாடுகளின் ஆதரவும் அவ்வாறே.

இப்பெரும் இயக்கத்தின் ஒருமித்த குரலாக நின்றதே மண்டேலாவின் பெருமை. வன்முறையைக் கைவிடுவதாக அறிவித்தால் விடுதலை என்று 1985-இல் ஆட்சியாளர் முன்வந்தபோது, அவர் மறுத்தார். 27 ஆண்டுச் சிறைவாசம் அவரைத் தனிப்பட்ட பேரத்திற்கு இணங்க வைக்கவில்லை.

பெற்றவை, விட்டவை

1994 ஏப்ரலில் கறுப்பின மக்கள் முதன்முறையாக வாக்களித்தனர். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஏறத்தாழ 63 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. கர்ப்பிணிகளுக்கும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம், தொழிலாளர் உறவுச் சட்டம், ஏழைகளுக்கான வீடுகள், மின்சாரம், குடிநீர் ஆகியவை அவ்வாக்குச் சீட்டின் பலன்கள். இவற்றை அற்பம் என்று ஒதுக்குபவர் நிறவெறியின் கொடுமையை அறியாதவரே.

ஆனால், 1955-இல் கிளிப்டவுனில் நிறைவேற்றப்பட்ட சுதந்திர சாசனம் இதனினும் அதிகம் கேட்டது. கனிம வளமும் வங்கிகளும் ஏகபோகத் தொழில்களும் மக்கள் அனைவரின் உடைமையாக வேண்டும் என்றது. உழுபவர்க்கு நிலம் என்றது. இக்கோரிக்கைகள் பின்னுக்குத் தள்ளப்பட்டன. 1993 டிசம்பரில் சர்வதேச நிதியத்தின் 85 கோடி டாலர் கடன் ஏற்கப்பட்டது. நிறவெறி அரசு வாங்கிய கடன்களையும் புதிய அரசே சுமந்தது. மறுசீரமைப்பு, வளர்ச்சித் திட்டத்தின் பொறுப்பு அமைச்சரான முன்னாள் கொசாட்டு தலைவர் ஜெய் நாயுடுவின் அலுவலகம் 1996-இல் மூடப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் ‘கியர்’ என்னும் நவதாராளமயக் கொள்கை, கூட்டணிக் கட்சிகளுடன் விவாதிக்கப்படாமலேயே அறிவிக்கப்பட்டது.

நிலத்தின் கதையும் இதுவே. 1913-ஆம் ஆண்டின் சட்டம் பெரும்பான்மை மக்களை ஏறத்தாழ 7 விழுக்காடு நிலத்திற்குள் அடைத்தது. புதிய அரசமைப்புச் சட்டம் சொத்துரிமையைப் பாதுகாத்தது. பொதுநலன் கருதி நிலத்தைக் கையகப்படுத்தவும் அச்சட்டம் வழிவிட்டது. எனினும், விற்க விரும்புவோரிடம் சந்தை விலைக்கு வாங்கும் பாதையையே அரசு தேர்ந்தெடுத்தது. 5 ஆண்டுகளில் 30 விழுக்காடு வேளாண் நிலத்தை மறுபங்கீடு செய்யும் இலக்கை நெருங்கவும் முடியவில்லை. 2017-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி, தனிநபர்களிடமுள்ள வேளாண் நிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடமே இருந்தது.

பொறுப்பு யாருடையது?

இதற்கு மண்டேலா ஒருவரையே குற்றஞ்சாட்டுவது எளிது, நேர்மையானதன்று. பேச்சுவார்த்தை நடந்த காலத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். சோவியத் ஒன்றியம் தகர்ந்துவிட்டது. 1992-இல் பொய்ப்பட்டோங்கிலும் பிஷோவிலும் படுகொலைகள் நிகழ்ந்தன. 1993 ஏப்ரல் 10 அன்று கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் கிறிஸ் ஹானி சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவமும் நிர்வாகமும் பழைய கைகளிலேயே இருந்தன. குறிப்பிட்ட காலத்திற்கு அதிகாரப் பகிர்வு என்னும் சமரச யோசனையை 1992-இல் முன்வைத்தவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஜோ ஸ்லோவோவே. உள்நாட்டுப் போரைத் தவிர்க்க அச்சமரசம் தேவைப்பட்டிருக்கலாம்.

பிழை சமரசத்தில் தொடங்கவில்லை. தற்காலிகப் பின்வாங்கல் நிரந்தரக் கொள்கையாக்கப்பட்டதில் தொடங்கியது. வீதியில் நின்ற மக்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். தலைவர்கள் அமைச்சகங்களுக்குச் சென்றனர். மக்கள் இயக்கத்தின் அழுத்தம் தளர்ந்த இடத்தில் மூலதனத்தின் அழுத்தம் அமர்ந்தது. இப்பொறுப்பில் மண்டேலாவுக்குப் பங்குண்டு. அரசில் பங்கேற்ற கம்யூனிஸ்டுகளுக்கும் பங்குண்டு.

2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானாவில் கூலி உயர்வு கேட்ட 34 சுரங்கத் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. 1980களில் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய சிரில் ராமபோசா அன்று அந்தச் சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களில் ஒருவர். பாதை எங்கே திரும்பியது என்பதற்கு இதனினும் கசப்பான சான்று இல்லை. 2024 தேர்தலில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் ஏறத்தாழ 40 விழுக்காட்டிற்குச் சரிந்து, முதன்முறையாகப் பெரும்பான்மையை இழந்தது.

தோழர்களே, மண்டேலா அரசியல் விடுதலையைப் பெற்றுத்தந்த மாபெரும் தலைவர். பொருளாதார விடுதலையை முடிக்காமல் விட்டுச்சென்ற தலைவர். இவ்விரண்டு வாக்கியங்களில் ஒன்றை மட்டும் சொல்பவர் வரலாற்றின் பாதியை மறைக்கிறார். பிறரின் கூட்டணியில் நிற்கும் எந்தக் கம்யூனிஸ்ட் கட்சியும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒவ்வொரு விட்டுக்கொடுத்தலுக்குப் பிறகும் உழைக்கும் மக்களின் அமைப்பு வலுப்பெற்றதா, நலிந்ததா? மண்டேலாவை மதிப்பிடும் அளவுகோல் அதுவே. நம்மை மதிப்பிடும் அளவுகோலும் அதுவே.