ஆலைத் தொழிலாளியின் சைக்கிளும் பூட்டிக் கிடந்த மலையும்



சைக்கிள் என்றால் நமக்கு என்ன? ஷிப்டுக்குப் போக ஒரு வண்டி. சந்தைக்கு மூட்டை ஏற்ற ஒரு வண்டி. என் போன்றவர்களுக்குக் காரியரில் பத்திரிகைக் கட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற ஒரு வண்டி. இதே சைக்கிளில் ஏறி, சொந்த நாட்டின் கிராமங்களையும் மலைகளையும் பார்க்கப் புறப்பட்ட இங்கிலாந்துத் தொழிலாளர்களைப் பற்றி இன்று சொல்லப் போகிறேன். போன இடத்தில் அவர்கள் என்ன கண்டார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம்.

லங்காஷயர் என்ற பெயர் பழைய ஆலைத் தொழிலாளர்களுக்குப் புதிதல்ல. இந்திய நூற்பாலைகளில் ஓடிய எத்தனையோ இயந்திரங்கள் அங்கே ஓல்டாம் நகரத்தில் 'பிளாட் பிரதர்ஸ்' கம்பெனியில் செய்யப்பட்டவை. அந்த இயந்திரங்களைச் செய்த கைகளும், அங்குள்ள ஆலைகளில் நூல் நூற்ற கைகளும் புகைக்கூண்டுகளின் நடுவே வாழ்ந்தன. மலைகளோ சில மைல் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் போக நேரமும் இல்லை, வண்டியும் இல்லை.

நேரம் முதலில் வந்தது. முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை. பத்து மணி நேர வேலைக்காகத் தொழிலாளர்கள் பல வருஷம் கிளர்ச்சி செய்தார்கள். அதன் பின் 1850ல் வந்த சட்டம், சனிக்கிழமை பகல் 2 மணிக்கு மேல் ஜவுளி ஆலைகளில் பெண்களையும் இளைஞர்களையும் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் வெளியே வந்துவிட்டால் ஆலை எப்படி ஓடும்? ஆண்களுக்கும் சனிக்கிழமை அரை நாள் கிடைத்தது.

வண்டி பிறகு வந்தது. ஆளுயர முன்சக்கரம் வைத்த பழைய சைக்கிள், விழுந்தால் பல்லைப் பறிக்கும் கனவான்களின் விளையாட்டுச் சாமான். 1885ல் கவென்ட்ரி நகரத்து ஸ்டார்லி என்பவர், பின்சக்கரத்துக்குச் செயின் மாட்டிய தாழ்வான வண்டியை வெளியிட்டார். 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். 1890களிலும் புது வண்டியின் விலை ஒரு நெசவாளியின் பல வாரக் கூலி. ஆனால் பழைய வண்டிகள் கை மாறின, பட்டறை தெரிந்தவன் தானே கோத்துக்கொண்டான்.

1891ல் மாஞ்செஸ்டரில் பிளாட்ச்போர்டு என்பவர் 'கிளாரியன்' என்ற சோஷலிஸ்ட் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். எக்காளம் என்று பொருள். 1894ல் பர்மிங்ஹாமில் அதன் வாசகர்கள் ஆறு பேர் கூடிச் சைக்கிள் சங்கம் அமைத்தார்கள். மறு வருஷம் ஈஸ்டர் விடுமுறையில், டெர்பிஷயர் மலைப்பக்கத்து ஆஷ்பர்ன் என்ற சிற்றூரில், பல நகரங்களிலிருந்தும் சைக்கிள் மிதித்து வந்து தேசியச் சங்கமாகக் கூடினார்கள். 1936ல் அங்கத்தினர் 8,000க்கு மேல்!

வழியில் ஒருவரையொருவர் கண்டால் ஒருவர் "பூட்ஸ்!" என்று கூவுவார், மற்றவர் "ஸ்பர்ஸ்!" என்று பதில் கூவுவார். குதிரை ஏறும் சீமானின் பூட்ஸும் அதில் மாட்டும் முள்ளும்! சைக்கிள் ஏறியவர்களுக்கு இந்தக் கிண்டல் வேண்டியதுதான். பெண்களும் சேர்ந்தார்கள். பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சில்வியா பாங்க்ஹர்ஸ்ட் தம் அக்காளுடன் மாஞ்செஸ்டர் சங்கத்தில் சைக்கிள் ஓட்டியவர்.

கிராமங்களுக்குப் போனவர்கள் வெறுமனே வேடிக்கை பார்க்கவில்லை. பத்திரிகை விற்றார்கள், நோட்டீஸ் கொடுத்தார்கள், கூட்டம் போட்டார்கள். நகரத்து நெசவாளி அங்கே கண்டது என்ன? பச்சை வயலும் கல் வேலியும் மட்டுமல்ல. பண்ணைத் தொழிலாளி குடியிருந்த வீடு பல இடங்களில் பண்ணைக்காரனுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். நிலமில்லாத நம் விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நெல்சன் என்ற நெசவு நகரத்துத் தொழிலாளர்கள் 1912ல் பெண்டில் மலைப்பக்கம் ஒரு தேநீர் விடுதி கட்டினார்கள். நெசவாளர் சங்கம் கடன் கொடுத்து உதவியது. லாபத்துக்கு நடத்தும் ஓட்டல் அல்ல அது. மலை சுற்றி வருகிறவன் உட்கார்ந்து, பெரிய குவளையில் டீ குடித்து, நாலு பேருடன் பேச ஓர் இடம். ஒரு நூற்றாண்டைக் கடந்தும் ஞாயிறுதோறும் அது திறந்திருக்கிறது. 1914ல் உலக யுத்தம் மூண்டபோது பிளாட்ச்போர்டு யுத்தத்துக்குத் தாளம் போட்டார், வாசகர்கள் விலகினார்கள், பத்திரிகை தேய்ந்தது. தொழிலாளர்களின் சைக்கிள் சங்கம் நின்றது!

இனி மலைக்கு வருவோம்.

பென்னி ராத்மன் மாஞ்செஸ்டரில் மோட்டார்த் தொழிலில் எடுபிடியாக வேலைக்குச் சேர்ந்த பையன். அந்த வேலை மூலம் கிடைத்த சைக்கிளில் சுற்றத் தொடங்கினார். தமது 16வது பிறந்த நாளில் வேல்ஸ் நாட்டின் மிக உயர்ந்த ஸ்னோடன் சிகரத்தில் தனியாக ஏறினார். பிறகு வாலிபக் கம்யூனிஸ்டானார்.

மாஞ்செஸ்டருக்கு அருகே 636 மீட்டர் உயரமான கிண்டர் ஸ்கௌட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஜனங்களின் பொதுநிலம். 19ஆம் நூற்றாண்டில் அது சட்டத்தின் பெயரால் வளைக்கப்பட்டது. சீமான்கள் அங்கே க்ரௌஸ் என்ற காட்டுக்கோழியை வேட்டையாடுவார்கள். வேட்டை வருஷத்தில் சில நாள்தான், ஆனால் வருஷம் முழுவதும் தொழிலாளி உள்ளே கால் வைக்கக் கூடாது! தடியோடு காவலர்கள் நின்றார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. பகிரங்கமாக அறிவித்துவிட்டு மலை ஏற முடிவாயிற்று. ராத்மனைப் பிடிக்க ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருந்தது. அவரோ சைக்கிளில் ஹேஃபீல்டு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்! கல் உடைக்கும் குழி ஒன்றில் கூட்டம் நடந்தது, அவர் பேசினார், சுமார் 400 பேர் மலை ஏறினார்கள். காவலர்களோடு கைகலப்பு மூண்டது. இறங்கி வந்தபின் கைது.

அந்த நாட்டில் அத்துமீறி நடப்பது மட்டும் கிரிமினல் குற்றமல்ல. ஆகவே கலகக் கூட்டம் என்று வழக்கு! ஜூரியில் பட்டாளத்து அதிகாரிகளும் நாட்டுப்புறக் கனவான்களும் நிறைந்திருந்தார்கள். ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை, ராத்மனுக்கு 4 மாதம். அவருக்கு வயது 21தான்.

தீர்ப்பு ஜனங்களை அடக்கவில்லை. மலை உரிமைக்காகப் பெரிய கூட்டங்கள் கூடின. 1949ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951ல் அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, கிண்டர் ஸ்கௌட் இருக்கும் அதே மலைப்பிரதேசம். மேட்டுநிலங்களிலும் பொதுநிலங்களிலும் தாராளமாக நடக்கும் உரிமைக்கு 2000ஆம் வருஷம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதிலும் இங்கிலாந்தின் மொத்த நிலத்தில் ஏறக்குறைய 8 சதவீதம்தான் அடங்கும்.

நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்த டெவன்ஷயர் பிரபுவின் பேரர், அப்போதைய பிரபு, 2002 ஏப்ரலில் ஜனங்கள் முன்னிலையில் தம் பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அந்த ஜனவரியில்தான் காலமாகியிருந்தார், தமது 90வது வயதில்.