மலைக்குப் போகும் ஜீப்பும் மாதம் ஒரு ஊசியும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் புறப்பட்டுவிடும். முந்தல் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் பொழுது சாயும் நேரத்தில்தான் இறங்குவார்கள். காய் எடுப்பு, கவாத்து, மருந்தடிப்பு என்று வேலை எதுவானாலும் அன்றாடக் கூலிதான். ஜீப்பை விட்டால் அன்றைய சம்பளம் போச்சு. அந்த ஜீப்பில் போகிற ஓர் இளைஞருக்குப் போதை மாத்திரைப் பழக்கம் இருக்கிறது, அவர் அதை விட்டுவிட விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தினமும் வந்து மாத்திரை வாங்கிக்கொள் என்று சொல்லும் சிகிச்சை அவருக்கு எத்தனை நாள் தாங்கும்? மாதம் ஒருமுறை போடும் ஊசி மருந்து நம் மாவட்ட அரசு மருத்துவமனைகளுக்கு வந்தாக வேண்டும் என்று நான் கருதுவது இந்தக் கேள்வியால்தான்.

போதை மாத்திரை என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் வலி மாத்திரையைத்தான். அபின் குடும்பத்தைச் சேர்ந்த டிரமடால் 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு டேபென்டடால் பேச்சில் அடிபடத் தொடங்கியது. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு உயிரைவிட்ட இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டு நாளிதழ்கள் எழுதியிருக்கின்றன. இந்த வகைப் பழக்கத்தை மனவுறுதியால் மட்டும் விடச் சொல்பவர்கள் அதன் வேதனையை அறியாதவர்கள். மருந்து நின்ற ஓரிரு நாளில் உடம்பு முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு கலங்கும், இரவெல்லாம் தூக்கம் வராது. அதைப் பல்லைக் கடித்துத் தாண்டியவருக்கும் ஆபத்து காத்திருக்கிறது. சில வாரம் நிறுத்திய உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவை எடுத்தால் மூச்சு அடங்கிவிடலாம். 2019-இல் வெளியான மத்திய அரசின் தேசியக் கணக்கெடுப்பு, அபின் வகைப் பழக்கத்துக்காக உதவி தேவைப்படுவோர் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது.

இவர்களுக்கான மருந்து புதிதல்ல. பியூப்ரினார்ஃபின் மூளையில் அபின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் அபின் செய்வதில் ஒரு பகுதியைத்தான் செய்யும். வேதனை அடங்கும், ஏக்கம் தணியும், மேலே வேறு மாத்திரை போட்டாலும் அவ்வளவாக ஏறாது. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பல நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வின்படி, இந்தச் சிகிச்சையில் இருப்பவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு நாலு பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டவர்களில் ஒன்பதுக்கும் மேல். அதாவது பிழைப்பும் சாவும் சிகிச்சையில் நீடிப்பதைப் பொறுத்திருக்கிறது. நீடிக்க விடாமல் செய்வது அன்றாட அலைச்சல். பஞ்சாபில் 2017 முதல் அரசே இதற்கென்று வெளிநோயாளி மையங்கள் திறந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்து, அது கரையும்வரை ஊழியர் கண்முன் உட்கார வேண்டியிருந்தது. மறுநாள் மறுபடி வர வேண்டியிருந்தது. 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் வாரக்கணக்கில் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். கொடுத்தனுப்பினால் வெளியில் விற்றுவிடுவார்களோ என்ற கவலை, கொடுக்காவிட்டால் ஆளே வராமல் போவாரோ என்ற கவலை. மாத்திரை இருக்கும்வரை இந்த இழுபறியும் இருக்கும்.

பியூப்ரினார்ஃபினின் மாத ஊசி இந்த முடிச்சைத்தான் அவிழ்க்கிறது. வயிற்றுத் தோலுக்கு அடியில் செலுத்தப்படும் திரவம் உடம்பின் ஈரம் பட்டதும் கெட்டியாகி, சிறு கட்டியாக அங்கேயே தங்கி, ஒரு மாதம் மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும். அமெரிக்கா இதை 2017-இல் அனுமதித்தது. வாரம் ஒருமுறையும் மாதம் ஒருமுறையும் போடும் வேறொரு வகை 2018-இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. 428 பேரிடம் 24 வாரம் நடந்த சோதனையில், அபின் வகை மருந்து தென்படாத சிறுநீர் மாதிரிகள் ஊசிப் பிரிவில் 35 விழுக்காடு, மாத்திரைப் பிரிவில் 28. பிரிட்டனில் 314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில் ஊசி போட்டவர்கள் 168 நாளில் சராசரியாக 123 நாள் போதையிலிருந்து விலகியிருந்தார்கள். அன்றாட மருந்து எடுத்தவர்கள் 104 நாள். அற்புதம் என்று சொல்ல மாட்டேன், வித்தியாசம் மிதமானதுதான். ஆனால் அந்தச் சோதனைகளில் யாரும் விடிகாலை ஜீப்பில் மாநில எல்லை தாண்டி வேலைக்குப் போனவர்கள் அல்லர். அன்றாடம் வருவது எங்கே கடினமோ அங்கே இந்த வித்தியாசம் கூடத்தான் செய்யும் என்பது என் கணிப்பு.

ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மருந்திலும் உடம்பு பழகிவிடும் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மருந்தின் அளவு ஒரே சீராக இருப்பதால் மயக்கமும் இல்லை, மறுநாள் காசுக்கு அலைவதும் இல்லை. ஆள் வேலைக்குப் போகிறார், வீட்டுக்குச் சம்பளம் வருகிறது. பழக்கமே ஏற்படுத்தாத நால்ட்ரெக்சோன் மாத ஊசி இருக்கிறதே என்றும் கேட்கலாம். அதைப் போட முதலில் ஒரு வாரம், பத்து நாள் எதுவும் எடுக்காமல் தாக்குப்பிடிக்க வேண்டும். 570 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஒப்பீட்டில், பியூப்ரினார்ஃபினைத் தொடங்க முடிந்தவர்கள் 94 விழுக்காடு, நால்ட்ரெக்சோன் ஊசியைத் தொடங்க முடிந்தவர்கள் 72 விழுக்காடுதான். தாண்ட முடிந்தவர்களுக்கு அது நல்ல மருந்து. போடிப் பக்கம் பெரிய தொல்லை சாராயம்தானே என்பவர்களிடமும் எனக்குச் சண்டையில்லை. இதே நால்ட்ரெக்சோன் ஊசியை அமெரிக்கா 2006-இல் முதலில் அனுமதித்ததே குடிப்பழக்கத்துக்குத்தான். மாத ஊசிக்கு ஏற்பாடு செய்தால் இரண்டுக்கும் ஆகும்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படும் ஆட்சேபம் வேறு. மாத்திரையை நாளைக்கு நிறுத்திக்கொள்ளலாம்; போட்ட ஊசியைத் திரும்ப எடுப்பது எளிதல்ல. வீட்டார் நச்சரித்தார்கள், போலீஸ் மிரட்டியது, மேஸ்திரி கட்டாயப்படுத்தினார் என்று ஒருவருக்கு ஊசி போடப்பட்டால் அது சிகிச்சை ஆகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் போதைப் பழக்கத்தையும் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. நோயாளியின் சம்மதத்துக்கு அது தரும் இடம் இங்கேயும் பொருந்தும். முதலில் சில நாள் மாத்திரையில் பழக்கி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்து, மாத்திரையிலேயே தொடர்வதற்கும் இடம் வைத்து, அவர் கேட்டால் ஊசிக்கு மாற்றலாம். தவறிப்போய் ரத்தநாளத்தில் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து என்பதால், ஊசியை மருத்துவமனையில்தான் போட வேண்டும், கையில் கொடுத்தனுப்பவே கூடாது.

விலை இன்னொரு மலை. அமெரிக்காவில் இது வெளிவந்தபோது ஒரு மாத ஊசி 1,580 டாலர். அந்த விலையில் இங்கே பேச்சுக்கே இடமில்லை. அரசு மொத்தமாக வாங்கி, உள்நாட்டுத் தயாரிப்பும் கைகொடுத்தால்தான் நடக்கும். மற்றபடி நம் மருத்துவமனைகளுக்கு இந்த முறை புதிதல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசியும், மனச்சிதைவுக்கு வாரக்கணக்கில் நிற்கும் ஊசியும் அங்கே பழக்கமானவை. மருந்தைக் குளிரில் வைக்க வேண்டுமென்றால், தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியும் இருக்கிறது. 2025-இல் தமிழ்நாடு அரசு 25 இடங்களில் ‘கலங்கரை’ என்ற போதை மீட்பு மையங்களைத் திறந்தது; கேரளத்தில் போதைக்கு எதிரான ‘விமுக்தி’ இயக்கம் இருக்கிறது. போடியில் சிகிச்சை தொடங்கிய ஒருவர் காய் எடுப்புக் காலத்தில் சாந்தன்பாறையிலேயே தங்கிவிட்டால், அடுத்த ஊசியை அங்கே போட்டுக்கொள்ள இரு மாநிலப் பதிவேடுகளும் ஒன்றையொன்று ஏற்க வேண்டும். இங்கே என்றால், ஜீப்புகள் இறங்கிய பிறகு, மாதத்தில் ஒரு மாலை ஊசி போட ஒரு செவிலியர் இருந்தால் போதும். பகல் வேளை மருத்துவமனை நேரத்தில் அந்த ஜீப் இளைஞர் ஏலச்செடிக்கு நடுவில் இருப்பார்.